மனோகரி கேட்ட கேள்வி

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பலெர்மோவின் பொலிதேயாமாச் சதுக்கத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது சிவநேசனின் அழைப்பு வந்தது. சிவநேசன் மனோகரியின் கணவர். காலை நேரத்தில் அழைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "அண்ணை, மனோ மோசம் போட்டா," என்றார். சற்றுப் பொறுத்து, "நீங்கள் வேலைக்குப் போற வழியோ? போட்டு ஆறுதலாய் வாங்கோ," என்றும் சொன்னார். மனைவியை அப்போதுதான் இழந்த மனிதர் என் வேலையைப் பற்றி யோசிக்கிறார். அந்த வீட்டில் இருவருமே அப்படித்தான். வந்த பஸ்ஸில் நான் ஏறவில்லை.

மனோகரி சிவநேசனை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். அவர் சுன்னாகத்தில் பிறந்து, சிறுமியாகப் பெற்றோருடன் பலெர்மோவுக்கு வந்தவர். தாயும் தகப்பனும் வீட்டுவேலை செய்து அவரைப் படிப்பித்தார்கள். நகரின் சீசாப் பகுதியில் பள்ளிக்கூடம் போனதால் அவருடைய இத்தாலியனில் கடைசிவரை சிசிலிக் காரம் இருந்தது. பட்டம் பெற்ற பின் ஓர் ஆய்வு நிலையத்தின் திட்ட அலுவலகத்தில் சேர்ந்தார். ஐரோப்பிய நிதிக்கு விண்ணப்பிக்கும் ஆய்வாளர்களை ஒரு நூலில் கோத்து, அவர்களுடைய எண்ணங்களை ஒரே முன்மொழிவாக்குவது அவருடைய தொழில். நான் அதே நிலையத்தில் புள்ளிவிவரம் பார்ப்பவன். போருக்குப் பிறகு வவுனியாவிலிருந்து இங்கு வந்தவன். எங்கள் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. கலாநிதிப் பட்டம் என் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் என்னை "டொக்டர்" என்றே கூப்பிட்டார். அதில் மரியாதை அரைவாசி, பகிடி அரைவாசி.

வேலையில் அவர் லேசான ஆள் அல்லர். திட்டங்களில் சேரும் பங்காளர்கள் எழுதி அனுப்பும் எதையும் அவர் உடனே வாசிக்கமாட்டார். மாலையில் பகேரியாவிலுள்ள தன் வீட்டுக்கு ரயிலில் போய்ச் சேர்ந்து, சமையலைத் தொடங்கிய பிறகு தொலைபேசியில் அழைத்து, எழுதியவரையே உரக்க வாசிக்கச் சொல்லுவார். ஏதென்ஸில் இருந்த பேராசிரியருக்கும் அதே விதி, எனக்கும் அதே விதி. "வாசியும் டொக்டர், நான் பயித்தங்காய் முறிக்கிறன். எந்த இடத்திலை என்ரை கவனம் பயித்தங்காய்க்குப் போகுதோ, அந்த இடத்தைத் திருப்பி எழுதும்." எனக்கு இந்த ஏற்பாடு சுத்தமாகப் பிடிக்கவில்லை. நான் பாடுபட்டு எழுதிய முறையியல் முழுவதையும் அவர் பயித்தங்காய்க்குப் பறிகொடுத்தார். மறுபடி எழுதியபோது அது நன்றாக வந்தது என்பதை அவரிடம் நான் சொன்னதில்லை.

நான் சொல்ல வந்தது அவருடைய ஒரு திட்டத்தைப் பற்றி. பலெர்மோவில் நம்மவர்களில் பலர், குறிப்பாகப் பெண்கள், சிஞ்ஞோரா என்று அழைக்கப்படும் முதிய இத்தாலியப் பெண்களின் வீடுகளில் தங்கி அவர்களைப் பராமரிக்கிறார்கள். ஓகஸ்ட் மாத வெக்கையில் அந்த வீடுகளுக்குள் வேலைசெய்பவர்களின் உடம்பு என்ன பாடுபடுகிறது என்பதை ஆராய வேண்டும், அதே நிலையில் உள்ளவர்களை லிஸ்பனிலும் ஏதென்ஸிலும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது மனோகரியின் ஆசை. நிலையத்தின் தலைமை ஆய்வாளர் லூச்சியா முன்னின்று நடத்த ஒப்புக்கொண்டார். மனோகரி ஒரேயொரு நிபந்தனை வைத்தார். சீசாவில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சங்கம் இதில் முழுப் பங்காளராக இருக்க வேண்டும்.

லூச்சியா தயங்கினார். ஒரு மண்டபமும் ஓர் இரும்பு அலுமாரியும் உள்ள சங்கத்தால் ஐரோப்பியத் திட்டத்தின் பொறுப்பைச் சுமக்க முடியுமா, நன்றியுரையில் பெயர் போட்டால் போதாதா என்று கேட்டார். "நன்றி சொல்லிச் சொல்லியே எங்கடை சனத்தைக் கதவுக்கு வெளியிலை வைச்சிருக்கினம்," என்று மனோகரி என்னிடம் தமிழில் முணுமுணுத்துவிட்டு, லூச்சியாவிடம் இத்தாலியனில் மிகப் பணிவாக, அப்படியானால் இந்த முன்மொழிவை வேறு யாராவது எழுதட்டும் என்றார். சங்கம் பங்காளரானது.

முதல் தடவை விண்ணப்பம் தோற்றது. அதன் காரணத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது. முன்மொழிவுக்கு ஆதாரம் வேண்டுமென்று நானும் மனோகரியும் கேள்விகள் தயாரித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க மண்டபத்துக்கு வந்த பெண்களிடம் கேட்டிருந்தோம். வெக்கை காலத்தில் உங்களுக்கு என்ன கஷ்டம்? நித்திரை வருகிறதா? தலை சுற்றுகிறதா? எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "எங்களுக்கென்ன, ஒரு கரைச்சலும் இல்லை." என்னுடைய அட்டவணையின்படி, பலெர்மோவின் ஓகஸ்ட் மாதத்தில் தமிழ்ப் பெண்கள் சொர்க்கத்தில் இருந்தார்கள். தேவை நிரூபிக்கப்படவில்லை என்று மதிப்பீட்டாளர்கள் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. சுகம் கேட்டால் "இருக்கிறம்" என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லாத ஊரில் பிறந்த இரண்டு பேர், அந்த ஊர்ப் பெண்களிடம் போய் நேரே கஷ்டம் கேட்டிருக்கிறோம். தன் கஷ்டத்தைச் சொன்னால் வேலைதந்த வீட்டைக் குறைசொன்னதாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் அவர்கள். எங்களை விட்டால் இந்த மடைத்தனத்தை வேறு யார் செய்வார்கள்?

இன்னும் ஒரு தடவை மட்டும் முயன்று பார்ப்போம், அதுவும் தவறினால் இந்த விடயத்தை விட்டுவிடுவோம் என்றார் லூச்சியா. அந்தக் கோடையில்தான் பரமேஸ்வரி அக்கா மயங்கி விழுந்தார்.

பரமேஸ்வரி அக்கா பொலிதேயாமாப் பக்கம் ஒரு மாடிவீட்டில் வயதான சிஞ்ஞோரா ஒருவரைப் பல வருடங்களாகப் பராமரித்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் சீசாவிலுள்ள மகளின் வீட்டுக்கு வந்ததும், மனோகரியும் நானும் பார்க்கப் போனோம். நான் வழக்கம்போல நேரே கேட்டேன், என்ன நடந்தது என்று. "ஒண்டுமில்லைத் தம்பி, கொஞ்சம் தலை சுத்தினது," என்றுவிட்டுத் தேத்தண்ணி போடுமாறு மகளுக்குச் சைகை காட்டினார். அதோடு கதை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மனோகரி கதிரையை அருகில் இழுத்து, "அக்கா, உங்கடை சிஞ்ஞோரா பாவம். நீங்கள் இல்லாமல் என்ன செய்யுறா?" என்று கேட்டார்.

பரமேஸ்வரி அக்கா எழும்பி உட்கார்ந்தார். "அதைத்தான் நானும் யோசிக்கிறன் பிள்ளை. அவவுக்குக் காத்துப் பட்டால் வருத்தம் வரும் எண்டு பயம். ஃபேன் போட விடமாட்டா, யன்னல் திறக்க விடமாட்டா. ஈரத் துவாயைக் காலிலை சுத்தினால்தான் கண்ணை மூடுவா, அது காயக் காய நான் மாத்த வேணும். நான் தண்ணி குடிக்கிறதும் குறைவு. நான் பாத்ரூமுக்குப் போனால் கூப்பிடுவா, என்ரை குரல் கேக்காட்டிப் பயந்துபோவா. தூக்கி இருத்தேக்கை என்ரை முதுகு பிடிச்சால், வெளியிலை காட்டக்கூடாது, அவ அழுதிடுவா." தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அவர் பேசிக்கொண்டிருந்தார். சிஞ்ஞோராவின் கதையைச் சொல்லச் சொல்ல, அவருடைய சொந்த நித்திரை, தாகம், முதுகு எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மனோகரி பரமேஸ்வரி அக்காவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்.

படியிறங்கும்போது, "டொக்டர், எங்கடை கேள்வியளை எல்லாம் கிழிச்சுப் போடும். இனி முதலிலை சிஞ்ஞோராவைக் கேப்பம்," என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபம் நிரம்பியது. உங்கள் சிஞ்ஞோரா ஓகஸ்டில் எப்படி நித்திரை கொள்ளுவா என்ற ஒரு கேள்விக்கு, பெண்கள் வீட்டுக்குப் போக மனமில்லாமல் இருந்து பதில் சொன்னார்கள். ஏதென்ஸிலும் லிஸ்பனிலும் வேறு நாட்டுப் பெண்களிடம் அதே விதமாகக் கேட்டபோதும் அதேதான் நடந்தது. முன்மொழிவின் முதற்பக்கத்தை மனோகரி அந்தக் கேள்வியோடு தொடங்கினார்.

அதன் பிறகும் ஒரு தடங்கல். எந்தப் பகுதிக்கு யார் தலைமை என்று பங்காளர்கள் பிடுங்குப்பட்டார்கள். மனோகரி எல்லாரையும் பலெர்மோவுக்கு அழைத்து, சங்க மண்டபத்தில் பந்தி வைத்தார். "பந்தியிலை இருந்தால் எல்லாரும் சாப்பிட்டு முடியுமட்டும் ஒருத்தரும் எழும்பக்கூடாது. அது எங்கடை வழக்கம்," என்று புன்னகையோடு அறிவித்துவிட்டு, சோற்றை மறுபடி மறுபடி பரிமாறிக்கொண்டே பேச்சை நடத்தினார். அதிகம் பிடிவாதம் பிடித்த லிஸ்பன்காரர் இரண்டாம் தடவை ரசம் வாங்கியபோது விட்டுக்கொடுத்தார். பெண்களிடம் பேசும் பகுதிக்குச் சங்கமே தலைமை என்று முடிவாயிற்று.

முன்மொழிவு தேறியது. செய்தி வந்தபோது லூச்சியா அலுவலகத்தில் எல்லாரையும் கட்டிப்பிடித்தார். மனோகரி, "ஒப்பந்தம் கையெழுத்தாகுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, கண்ணூறு படும்," என்றார். ஐரோப்பா எங்கும் பரவிய செய்தியைச் சீசாவில் மறைத்துவைக்கச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அந்த மாதங்களில் அவர் மெலிந்துகொண்டு போனார். நான் கேட்டேன். "சோத்தைக் குறைச்சிட்டன்," என்றார். இன்னொரு நாளும் கேட்டேன். "எனக்கென்ன, சுகமாய்த்தான் இருக்கிறன்." வைத்தியம் நடந்தது சிவநேசனுக்கும் அவர்களுடைய மகளுக்கும் மட்டுமே தெரியும் என்று செத்தவீட்டில்தான் அறிந்தேன். லீவு எடுத்த நாட்களுக்கெல்லாம் மகளின் பரீட்சையைக் காரணமாகச் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக நாங்கள் பேசியது ரயில் நிலையத்தில். பகேரியா ரயிலுக்கு நேரமிருந்தது. திட்டம் எப்படிப் போகிறது என்று பேச்சுக்குக் கேட்டேன். "அதுக்கு வலு கொஞ்சம் குறைவு டொக்டர். ஆனால் நான் இல்லாட்டியும் நிக்கிற மாதிரித்தான் செய்து வைச்சிருக்கிறன். பரமேஸ்வரி அக்காவைச் சங்கத்தின்ரை பிரதிநிதியாய்ப் போடுங்கோ. அவ கதைப்பா," என்றார். வேலையைப் பகிர்ந்து கொடுப்பதில் இவருக்கு இருக்கும் அக்கறையைப் பாருங்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். திட்டத்தை விசாரித்தேன், அவர் தன்னைப் பற்றிச் சொன்னார். அது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. எனக்கு அவர்மேல் கோபமாகவும் இருக்கிறது. எங்களிடமாவது சொல்லியிருக்கலாம்.

தொடக்கக் கூட்டம் அவருடைய மரணத்துக்கு அடுத்த வாரம் நடக்க இருந்தது. தள்ளிவைப்போமா என்று லூச்சியா கேட்டார். சிவநேசனிடம் விசாரித்தேன். "வையுங்கோ அண்ணை. தள்ளிவைச்சால் அவ என்னைத்தான் ஏசுவா," என்றார்.

கூட்டம் சீசா மண்டபத்தில் நடந்தது. பங்காளர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மேசையில் சங்கத்தின் பெயர் எழுதிய அட்டைக்குப் பின்னால், கோயிலுக்குக் கட்டுகிற சேலையோடு பரமேஸ்வரி அக்கா உட்கார்ந்திருந்தார். லிஸ்பன்காரர் அவரருகே போய்க் குனிந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று இத்தாலியனில் கேட்டார். வழக்கமான உபசாரம். அதற்கு அவர் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

பரமேஸ்வரி அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, இதைச் சரியாய்ச் சொல்லும்," என்றார். "எனக்கு ஏலாமல் இருக்கு எண்டு சொல்லும். எனக்கு நித்திரை இல்லை. மனோ போன நாளிலை இருந்து என்ரை நெஞ்சு நோகுது. எனக்கு நோகுது எண்டு சொல்லும்."

நான் மொழிபெயர்த்தேன். கடைசி வரியை மட்டும் லூச்சியாவின் காதில்தான் சொல்ல முடிந்தது. அதை அவர் எனக்காக எல்லாருக்கும் சொல்லி முடித்தார். கூட்டக் குறிப்பில் அதைச் சேர்க்க வேண்டுமா என்று எழுதிக்கொண்டிருந்தவர் கேட்டார். சொல்லுக்குச் சொல் சேர்க்கச் சொன்னேன்.

இரண்டு வருடங்களாக இந்தப் பதிலுக்காகத்தானே அலைந்தீர், மனோ. நீர் இல்லாத மண்டபத்தில் அது வந்தது. நாங்கள் கேட்டுக்கொண்டோம். போய் வாரும்.