கழட்ட வேணாம்னு சொன்ன சக்கரம்

எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குகிறவர்களை நான் நம்புவதில்லை. பழவேற்காட்டுக்குள் நுழைகிற சாலையில் பல வருடமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். ஓசி டீ எதற்கு வரும் என்று எனக்குத் தெரியாதா? அன்று காலை கோட்டைக்குப்பத்து இறால் வியாபாரி தன் மினி லாரியை ஓட்டுநரோடு கொண்டுவந்து நிறுத்தினார். கையில் டீ. வழக்கமாக வண்டியைப் பொன்னேரி மெக்கானிக்கிடம் கொண்டுபோகிறவர். இங்கே ஏன் வந்தார் என்று அப்போதே மனசு குறுகுறுத்தது.

"பெடலு கீழ போவுதுபா. மிதிச்சா ஒரு பக்கமா இழுக்குது. டைட் பண்ணி, ஆயில் ஊத்திக் குடு. வீலெல்லாம் கழட்ட வேணாம்," என்றார்.

"வீல கழட்டாம எப்படிப் பாக்கறது மொதலாளி?"

"நாளான்னிக்கு கல்யாணம் கீது. பொண்ணு வூட்டு சனம் நாப்பது பேர கும்மிடிப்பூண்டி பக்கம் ஏத்திகினு போவணும். டைம் இல்ல. மேலோட்டமா பாரு, போதும்."

ஐஸ் பெட்டி ஏற்றுகிற வண்டியில், குழந்தை குட்டியோடு நாற்பது பேர். எங்கள் சொந்தத்துக் கல்யாணம், என் மனைவியும் போகிறாள். கட்டப்போகிற சேலையை முந்தாநாளே எடுத்து வைத்துவிட்டாள். சக்கரத்தைக் கழற்றாதே என்று ஒருவர் சொன்னால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம். ஓட்டுநரைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான், ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியை. சரிதான், இரண்டு பேரும் கூட்டு என்று முடிவுகட்டினேன்.

வியாபாரி போன் பேசிக்கொண்டே ஏரிப்பக்கம் நகர்ந்ததும் ஜாக்கியைப் போட்டேன்.

"வேணாண்ணா, அவருதான் சொன்னாரு இல்ல," என்றான் ஓட்டுநர்.

"நீ கம்முனு இரு."

இடது பின்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த பிரேக் டிரம்மைத் தட்டி எடுத்தேன். பிரேக் பிடிக்கிற சக்கரத்தில் டிரம்மின் உள்பக்கம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். இதில் உள்ளே முழுக்கத் துரு. இந்தச் சக்கரம் பல மாதமாகப் பிரேக்கே பிடிக்கவில்லை. எவனோ இதற்குப் பிரேக் ஆயில் போகிற வழியை அடைத்திருக்கிறான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அடைத்தவன் பொன்னேரிக்காரன், மாட்டப்போகிறவன் நான். வண்டி கவிழ்ந்தால் கடைசியாகக் கைவைத்தவன் யார் என்றுதானே கேட்பார்கள்? அதற்குத்தான் அந்த டீ.

அடியில் படுத்து பைப்பைப் பிடித்துக்கொண்டே போனேன். இடது சக்கரத்துக்குப் பிரிகிற இடத்தில் பைப் இல்லை. ஒரு போல்ட்டை முறுக்கி மூடியிருந்தது. அது அதிர்ந்து கழன்றுவிடாமல் நைலான் வலைநூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. வலை கட்டுகிற வீட்டில் பிறந்தவன் போடுகிற முடிச்சு. இங்கிருந்து பொன்னேரி வரைக்கும் அந்த முடிச்சுப் போடுகிற மெக்கானிக் ஒரே ஒருவன்தான். அது நான்தான்.

படுத்தபடியே ஓட்டுநரைக் கூப்பிட்டேன்.

"எப்போடா இது?"

ஓட்டுநர் குனிந்து உட்கார்ந்தான். "போன மழைலண்ணா. ஆயில் ஒழுவுது, இறால் லோடு நிக்குதுன்னு உங்கிட்டதான் வந்தோம். பொன்னேரி வரைக்கும் இப்படியே ஓட்டு, அங்க போயி சரியா மாத்திக்கன்னு சொல்லி நீதான் அடச்சிக் குட்த. அப்புறம் ஓடுது இல்ல, பாத்துக்கலாம்னு மொதலாளி வுட்டுட்டாரு."

"பொன்னேரிக்காரன் இன்னா சொன்னான்?"

"நேத்து காட்டினோம். பூரா பைப்பும் மாத்தணும், இல்லாங்காட்டி வண்டியத் தொடமாட்டேன்னுட்டாரு."

இவ்வளவு நேரமும் நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தது அந்தப் பொன்னேரிக்காரரைத்தான்.

வியாபாரி திரும்பி வந்து, கழற்றிப் போட்ட சக்கரத்தைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "அன்னிக்கு லோடோட அனுப்பிச்சவன் நீதான? அப்போ நல்லாருந்தது இப்போ இன்னா கெட்டுப்போச்சி?" என்று மட்டும் கேட்டார்.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. பைப்பை மாற்றாமல் சக்கரத்தை மாட்டமாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

"அப்போ பொண்ணு வூட்ல நீயே போயி சொல்லு. அடச்சது யாருன்னும் சேத்து சொல்லு," என்றார்.

கையைக்கூடக் கழுவாமல் பெண் வீட்டுக்குப் போனேன். பெண்ணின் அப்பா பந்தல்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். எனக்கு மாமா முறை.

"மாமா, அந்த வண்டில போவாதீங்க. ஒரு வீலுக்கு பிரேக்கே கெடயாது. போன மழைல அத அடச்சது நான்தான்."

உள்ளே வேலையாக இருந்த பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். என் மனைவியும் வந்து நின்றாள். அவர் அடிப்பார் என்றே நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை.

"சரி, நான் வேற வண்டி பாத்துக்கறேன்," என்றார். பிறகு, "நம்ம ஊருல ஓடுற வண்டி முக்காவாசி உன் கை பட்டதுதான். இன்னும் எத்தினி வண்டில இப்படி அடச்சி வெச்சிகீற?" என்று கேட்டார்.

ஐஸ் வண்டி, ஷேர் ஆட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற வேன் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"தெரியல மாமா," என்றேன்.