அறுபதுக்கு அறுபது

மண்ணூர் கன்னியப்பன் மகள் காவேரி நாலு வருஷம் செல்போன் கம்பெனி லைனில் நின்றவள். அவள் கைபட்ட பீஸ் ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை. பென்னலூர் குழந்தைகள் காப்பகத்துக்கு மாறிய பிறகும் அதே கவனம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தங்களை அடக்கிக்கொள்ள எவ்வளவு தெரிகிறது என்று அளக்க வந்தவர்கள், வாட்சையும் படிவத்தையும் அவளிடம்தான் ஒப்படைத்தார்கள்.

பிளாஸ்டிக் டம்ளரைக் கவிழ்த்து உள்ளே ஒரு பிஸ்கட் வைக்க வேண்டும். மணி அடிக்கும்வரை பிள்ளை தொடக் கூடாது. அறுபது விநாடி; பொறுத்த விநாடிக்கு ஒரு மார்க்.

கனிஷ்கா நான்காவது விநாடியிலேயே டம்ளரைத் தட்டிவிட்டாள். வாய் நிறைய பிஸ்கட்டோடு, "இன்னொண்ணு குடு மிஸ்" என்றாள்.

அடுத்து இசக்கி. இரண்டு வயது, இரண்டு மாதம். மடியில் வைத்த கையை எடுக்கவேயில்லை. மணி அடித்தது. அப்போதும் எடுக்கவில்லை. காவேரி பிஸ்கட்டைக் கையில் திணித்தாள். பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து அவன் அம்மா பேச்சி வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி.

"இன்னா பேச்சி, வூட்லயும் இவன் இப்படித்தான் கீறானா?"

"ஆமாக்கா. பக்கத்து ரூம்ல நைட் ஷிப்ட் பாத்துட்டுப் பகல்ல ஒறங்குதாவ. சத்தம் கேட்டா காலி பண்ணுங்காரு ஓனரு. பொறந்ததுலேர்ந்து அடக்கி அடக்கி வளத்துட்டேன். மார்க் எவ்வளவு?"

"முழுசு."

"எம்புள்ள சமத்துல்லா!" பேச்சியின் முகம் மலர்ந்தது.

மறுநாள் காலை மேற்பார்வையாளர் கலைமணிக்கு போன் போட்டாள்.

"மேடம், இந்தப் பையனை டாக்டர் பாக்கணும். கீழ வுழுந்தாகூட அழ மாட்றான்."

"ஸ்கோர் எவ்ளோ?"

"அறுபது."

"அப்புறம் இன்னாம்மா? பத்துக்குக் கீழ எடுத்தாதான் டாக்டர் லிஸ்ட்ல பேர் வரும். வேணும்னா இன்னொரு தபா வெச்சுப் பாரு. வீடியோ எடுத்து அனுப்பு, நீயா மாத்தி எழுதாத."

காவேரி மறுபடி டம்ளரைக் கவிழ்த்தாள். உள்ளே இரண்டு பிஸ்கட். போனில் வீடியோ ஓடியது. ஐந்து விநாடி. எட்டு. ஒன்பது.

"எடுடா கண்ணு." பேசக் கூடாது என்பது விதி. பேசினாள். "எடுடா! கத்துடா! இங்க யாரும் தூங்கல!"

குரல் உயர்ந்ததும் இசக்கி மிரண்டு எழுந்தான். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு எட்டி, தன் சின்ன உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினான்.

அவள் அந்தக் கையை விலக்கவில்லை. மணி அடித்தது. அறுபது என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.