எட்டு மணிக்குள் ஆறு தேன்பெட்டி

என் தங்கை நஜ்மா செஞ்சியில் ஒரு மருந்துக் கடையில் ஏழு வருஷம் பில் போட்டாள். போன வருஷம் திண்டிவனத்தில் ஐந்து நாள் தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போய் வந்து, மாடியில் இரண்டு பெட்டி வைத்தாள். எங்கள் அம்மா ரோஷன் பீ ஒரு மாதம் துணி காயப்போடக்கூட மாடி ஏறவில்லை. முதல் தேன் கையில் வந்ததும் நஜ்மா கடை வேலையை விட்டுவிட்டாள். குவைத்தில் இருக்கும் மாப்பிள்ளை அயாஸ் போனிலேயே சரி சொன்னார். நான் எட்டாவது வரை படித்த தையல்காரன். முகத்தை மூட வலைத் தொப்பி ஒன்று தைத்துக் கொடுத்தேன். அதில் ஒரு தையல்கூடக் கோணல் கிடையாது.

மாசி பிறந்து மாந்தோப்புகள் பூத்ததும் இன்னும் ஆறு பெட்டிக்கு ஏற்பாடு செய்தாள். அவற்றை வைக்க அனந்தபுரம் அரங்கநாதன் ஐயாவின் தோப்பில் இடம் கேட்டாள். பூ நேரத்தில் அவர் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பார். மருந்து அடித்த தோப்பில் தேனீ பிழைக்காது.

"தேனீ வந்தா காய் நல்லா பிடிக்கும்ங்கற. பார்ப்போம்" என்றார் அவர். "வெள்ளிக்கிழம எட்டு மணிக்கு பச்சைமுத்து மருந்தடிக்க வர்றான். அதுக்குள்ள உன் பெட்டி இங்க இருந்தா அவன திருப்பி அனுப்பிடறேன். இல்லன்னா அடிச்சிடுவேம்மா. அப்புறம் அழக்கூடாது."

வேறு தோப்பு எதுவும் கிடைக்கவில்லை. மாம்பூ சில வாரம்தான் நிற்கும். அந்த எட்டு மணியைத் தவறவிட்டால் அவளுக்கு இந்த வருஷமே போச்சு.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் வாடகைக்கு எடுத்த குட்டி யானை லோடு வண்டியை அவளே ஓட்டிக்கொண்டு ஒலக்கூர் போனாள். நானும் போனேன். அங்கே பெட்டி விற்றவர் முதல் நாள் பொழுது சாய்ந்து தேனீ எல்லாம் கூடு திரும்பியதும் வாசலைத் துணியால் அடைத்து வைத்திருந்தார். ஆறு பெட்டியையும் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் மூன்று சுற்றுக் கயிறு கட்டினேன். அப்படியும் மனசு கேட்காமல் பின்னால் பெட்டிகளோடேயே உட்கார்ந்துகொண்டேன்.

தீவனூர் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் மாந்தோப்பு. இலையே தெரியாத அளவுக்குப் பூ. எனக்கு ஒரே சந்தோஷம். பெட்டிக்குள் மட்டும் இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. பூ வாசனைக்குத்தான் துடிக்கின்றன என்று நினைத்தேன்.

ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. கயிறு அவிழவில்லை, நாலாவது பெட்டியின் மூடிதான் ஒரு விரல் நகர்ந்தது. அவ்வளவுதான், தேனீக்கள் நேராக என் காதுக்கு வந்தன. கேபினைத் தட்டினேன். வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினேன்.

நஜ்மா வலைத் தொப்பியோடு இறங்கினாள். "ரோட்டுல போறவங்கள எல்லாம் விட்டுட்டு உன்னையே தொரத்துதே! இன்னாண்ணா பூசிக்கினு வந்த?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அத்தர்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை குளித்து, இரண்டு காதுக்குப் பின்னாலும் மல்லி அத்தர் தடவாமல் நான் வாசல்படி தாண்டியதில்லை. அன்று அவளுக்குச் சளி. வாசனை அவளுக்குத் தெரியவில்லை.

"தேன் வண்டிக்கு மாப்பிள்ளை மாதிரி வந்திருக்க! போ, அந்த பம்புசெட்டுல போய் தலையோட குளி. சோப்பு போட்டுத் தேய். கிட்ட வந்தியோ, நானே கொட்டுவேன்."

வெள்ளைச் சட்டையோடு தொட்டியில் இறங்கினேன். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் துணி சோப்பைக் கொடுத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கொட்டிய இடங்களை எண்ணினேன், ஏழு.

திரும்பி வந்தபோது நஜ்மா மூடியைச் சரிசெய்து, வாசல் துணியை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். ராணி உள்ளே இருந்தால் வெளியே போனவை திரும்பி வரும் என்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டாக வந்து, பிறகு கொத்தாக வாசலில் ஒட்டி உள்ளே போயின. அரங்கநாதன் ஐயாவுக்குப் போன் போட்டாள்.

"எட்டுன்னா எட்டும்மா" என்று வைத்துவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் வரணும்" என்றேன்.

"நூறு தேனீக்காக நின்னா ஆறு பெட்டியும் போயிடும். ஏறு" என்று வாசலை அடைத்தாள். சுற்றிக்கொண்டிருந்தவற்றை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை. வல்லமும் செஞ்சியும் எப்போது போயின என்று எனக்குத் தெரியாது. ஈரச் சட்டையோடு கேபினில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோப்புக்குள் நுழைந்தபோது எட்டேகால். பச்சைமுத்து டிரம்மில் தண்ணீர் நிரப்பிவிட்டு மருந்து பாட்டிலைக் கையில் வைத்திருந்தார்.

"லேட்டு" என்றார் அரங்கநாதன் ஐயா. என்னைப் பார்த்து, "இன்னா பாய், ஏரில விழுந்துட்டீங்களா?"

"தப்பு என்னுதுங்க ஐயா. தங்கச்சிமேல இல்ல."

நஜ்மா அதற்குள் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிகளை நிழலில் இறக்கி வைத்து, ஆறு வாசலையும் திறந்தாள்.

ஒன்றும் வெளியே வரவில்லை.

"எங்கம்மா உன் ஆளுங்க?" என்றார் பச்சைமுத்து. "தூங்குதா?"

"புது ஊருண்ணா. எட்டிப் பாத்துட்டுதான் வரும். பத்து நிமிஷம் குடுங்க ஐயா."

ஐயா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம் போனது. மூன்றாவது பெட்டியிலிருந்து ஒன்று வந்து, பெட்டியைப் பார்த்தபடியே காற்றில் முன்னும் பின்னும் ஆடியது. பின்னாலேயே நாலு, பத்து. பிறகு எண்ண முடியவில்லை. ஐயா பக்கத்து மரத்தடிக்குப் போய்த் தாழ்ந்த கிளை ஒன்றை அண்ணாந்து பார்த்தார். தேனீக்கள் பூங்கொத்துக்குப் பூங்கொத்து தாவிக்கொண்டிருந்தன.

"ஒரு கிளைய வச்சி சொல்ல முடியாது" என்றார். "காய் பிடிக்கட்டும், அப்ப பேசிக்கலாம்." பச்சைமுத்துவிடம் திரும்பினார். "பிரிக்காதடா. எடுத்துக்கினு கிளம்பு."

பச்சைமுத்து பாட்டிலை வண்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். "அப்போ எனக்கு இந்த டிரம்மு தண்ணிய தூக்குனதுதான் மிச்சமா?"

"அத மரத்துக்கு ஊத்துங்கண்ணா" என்றாள் நஜ்மா. தொப்பியைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சளியா, வேறென்னவா என்று நான் கேட்கவில்லை.