ஈரச்சாக்கின் கீழ் பிரிம்ரோஸ்

ரங்கூனில் மாசி வெயில் காலையிலேயே சுடுகிறது. தின்கன்ஜூன் பகுதியில் நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் மரியா டீச்சர், மேமியோ மலையிலிருந்து வரவழைத்த பிரிம்ரோஸ் பூவிதையைத் தண்ணீர்த் தொட்டியோரம் ஒரு மரத்தட்டில் விதைத்திருக்கிறார். சூடு தாக்காமலிருக்க மேலே ஈரச்சாக்கு. முளை விட்டிருக்கிறது, வந்து பாருங்கள் என்கிறார்.

குனிந்து சாக்கின் ஓரத்தைத் தூக்குகிறேன். முளைகளின் மேல் தடித்த உடம்பு ஒன்று சுருண்டு கிடக்கிறது. சீறுகிறது.

“ம்வேபுவே! அசையாதீங்க, தம்பி. கையை எடுத்துடாதீங்க,” என்கிறார் டீச்சர், மூச்சுக்குள்ளேயே.

நம்மூர்க் கண்ணாடி விரியனுக்கு இங்கே அதுதான் பெயர். வியர்வை கண்ணில் இறங்குகிறது, துடைக்க முடியவில்லை. பாம்பு மெல்லச் சுருள் பிரிந்து, என் வெறுங்காலை உரசிக்கொண்டு இறங்கி, மரத்தூண்கள் மேல் நிற்கும் வீட்டுக்கு அடியில் போய் மறைகிறது.

சாக்கைக் கீழே போட்டுவிட்டு வீட்டுப் படியில் உட்காருகிறேன். படிக்குக் கீழேயும் இருட்டுதான் என்று உறைத்ததும் எழுந்துவிடுகிறேன். டீச்சர் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பாதி முளைகள் நசுங்கிவிட்டன. மீதி, எறும்புத் தலையளவு பச்சை.

“சாயங்காலமும் தண்ணி தெளிச்சாத்தான் இதுங்க பிழைக்கும், தம்பி,” என்கிறார்.

நான் வீட்டுக்கு அடியிலிருக்கும் இருட்டையே பார்க்கிறேன். அவரும் சாக்கை எடுத்து மூடவில்லை.