பெண் மிதித்த கூரை

மாரியாயி அக்கா போய்விட்டார்.

காலை ஆறு மணிக்கு அவருடைய மகள் விசுவமடுவில் இருந்து போனில் கோல் எடுத்தாள். "அம்மா தூங்கினவங்க எந்திரிக்கவே இல்ல" என்றாள். வவுனியா நெளுக்குளத்தில் எங்கள் வீட்டில் நான் வாயில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றேன்.

இந்தப் போஸ்டைப் பார்க்கும் பலருக்கு அவரைத் தெரியாது. கூரை வேய்கிறவர். இடம்பெயர்ந்து வந்து விசுவமடுவில் கொட்டில் போட்டவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்கள் தலைக்கு மேலே தென்னோலைக் கிடுகு கட்டியது பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும்.

மலையகத்தில் பிறந்து, கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்த குடும்பம். கூரை வேய்வது கணவருடைய தொழில். வவுனியாவுக்குச் சாமான் வாங்கப் போன மனிதர் திரும்பவில்லை... இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

கீழே நின்று கிடுகு எறிந்து கொடுத்துக்கொண்டிருந்த அக்கா, கணவருடைய நீளக்கைச் சேட்டை மாட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டார். ஊர் மூக்கில் விரல் வைத்தது. பிறகு மழை வந்ததும் அதே ஊர் அவரைத் தேடிப் போனது.

அவரிடம் ஒரே ஒரு சட்டம்தான். அவர் கூரையில் நிற்கும்போது ஆம்பிளைகள் யாரும் முற்றத்தில் நிற்கக்கூடாது.

"ஐயா, அந்த மரத்தடில போய் ஒக்காருங்க. நான் எறங்கின பொறகு வாங்க."

எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் போய் உட்கார வேண்டியதுதான்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து சேர்ந்தது தொண்ணூற்றைந்து மார்கழியில். அம்மா, நான், தங்கச்சி. அப்பா அதற்கு முந்தின வருடமே ஷெல் விழுந்து செத்துப்போனார். அதன் பிறகு அம்மா கேற்றைத் தாண்டியதே இல்லை. எல்லாவற்றுக்கும் அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பாதான். வன்னியிலும் அவர் பக்கத்துக் காணி.

எங்கள் கொட்டிலுக்கு வேறு ஆள் கிடைக்காமல் அக்காதான் வந்து வேய்ந்தார். தன்னை மரத்தடியில் உட்கார வைத்த கோபமோ என்னவோ, பெரியப்பா ஒரு புதுச் சாஸ்திரம் கண்டுபிடித்தார்.

"பொம்பிளை மிதிச்ச கூரைக்குக் கீழ சாமிப்படம் வைக்கலாமோ?"

வீட்டில் இருந்து அம்மா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தது ஒரு பிள்ளையார் படம். அது வெளியே பாலை மரத்தில் தொங்கியது. நாங்கள் உள்ளே, பிள்ளையார் வெளியே...

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. வன்னி மழை தெரியும்தானே! தான் கட்டிய கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க அக்கா ஓடி வந்தார். மரத்தைப் பார்த்தார். படத்தைக் கழற்றிச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"நான் வெளியவே நின்னுக்கிறேம்மா. இவர உள்ள வைங்க. நான் கட்டின கூரை ஒழுகாது."

அம்மா வாசலை விட்டு விலகி நின்றார்.

"ரெண்டு பேரும் உள்ளுக்கு வாங்கோ" என்றார்.

அன்றைக்குத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே அக்கா கேட்டார். "கிடுகு பின்னத் தெரியுமாம்மா? எனக்குக் கையாள் இல்ல. நாளைக்கு என்கூட வாங்களேன்."

நிவாரண அரிசி பாதி மாதத்துக்குத்தான் வரும். மீதி நாளுக்குப் பெரியப்பா வீட்டு வாசலில் சட்டியோடு நிற்க வேண்டும். அந்த வாசலில் நின்ற ஒவ்வொரு முறையும் அம்மா பாதியாகிப் போனார். ஆனால் கூலி வேலைக்குப் போவதென்றால்...

பெரியப்பா குதித்தார். "எங்கட குடும்பத்துப் பொம்பிளை கூலிக்குக் கூரையில ஏறுறதோ? ஊர் என்ன கதைக்கும்?"

அதுவரை அவரை எதிர்த்து அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று பேசினார்.

"ஊர் கதைக்கட்டும் அத்தான். பிள்ளையள் சாப்பிடோணும்."

முதலில் கொஞ்ச நாள் கீழே நின்று கிடுகு எறிந்தார். கோணலாக எறிந்தால் அக்காவின் வாயில் வருவதை இங்கே எழுத முடியாது. பேஸ்புக் என்னைத் தூக்கிவிடும்.

அம்மா முதன்முதலாக ஏணியில் ஏறிய நாள் நானும் நின்றேன். ஒவ்வொரு படியிலும் நின்று கீழே பார்த்தார். "கீழ பாக்காதீங்க, என் மூஞ்சியப் பாருங்க" என்று அக்கா மேலே இருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருவழியாக முகட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மா கத்தினார்.

"பிள்ளை, இஞ்சயிருந்து குளம் தெரியுது!"

அம்மாவுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நாங்கள் சட்டியோடு எந்த வாசலிலும் நிற்கவில்லை.

அடுத்த மாரி மழையில் பெரியப்பா வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியது. பெரியம்மா வந்து மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அக்காவும் அம்மாவும் போனார்கள். வேடிக்கை பார்க்க நானும் போனேன்... விடுவேனா?

அக்கா ஏணியைச் சாத்தினார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஐயா, நாங்க ரெண்டு பேரும் ஏறப் போறோம். சாமிப்படத்த எடுத்து மரத்தில மாட்டிடவா?"

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "அது இருக்கிற இடத்திலயே இருக்கட்டும்" என்றார். பிறகு யாரும் சொல்லாமலே மரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

அம்மா சேலையைச் சொருகிக்கொண்டு முதலில் ஏறினார்.

மூன்று வருடமாக அக்காவை நான் போய்ப் பார்க்கவில்லை. வேலை, பிள்ளைகள் என்று ஆயிரம் சாட்டு. வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை அம்மாவிடம் சொன்னேன். இப்போது அவருக்கு முழங்கால் ஏலாது. கதிரையில் இருந்தபடியே வெளியே பார்த்தார். வானம் கறுத்திருந்தது.

"மழை வரப்போகுது. அக்காவைக் கிடத்தின இடத்தில ஒழுக்கில்லையோ எண்டு கேள்."

கேட்டேன். அக்காவின் மகள் சொன்னாள், இப்போது தகரக் கூரையாம். ஒழுகாதாம்.

"தகரம் ஆர் அடிச்சதாம்?"

திரும்பவும் கேட்டேன். போன வருடம் அக்காவே ஏறி அடித்தாராம்.

"அப்ப சரி" என்றார் அம்மா. அதற்குப் பிறகுதான் அழுதார்.

எங்களை ஏற்ற வாடகை வான் வந்துவிட்டது அக்கா, நாங்கள் வெளிக்கிட்டுவிட்டோம். இன்று உங்கள் முற்றம் முழுக்க ஆம்பிளைகள் நிற்பார்கள்... கோபிக்காதீர்கள்.