பொலிசில் சொல்லிக்காட்டிய சொல்

பொலிஸ் நிலையத்திலிருந்து வெளியேறி கல்குடா வீதியில் நடந்துகொண்டிருந்தேன். முறைப்பாடு எழுதியவர் தமிழர்தான். புத்தகத்தில் சிங்களத்தில் எழுதினார். என் வேலையிடத்து மேற்பார்வையாளர் என்னை ஏசிய சொல்லை அப்படியே சொல்லிக்காட்டு என்று அந்த எழுதியவர் கேட்டார். "பற தெமளா" என்றேன், ஈனத் தமிழன் என்று சிங்களத்தில் ஏசுவது. சத்தமாகச் சொல் என்றார். வாங்கில் இருந்தவர்கள் பார்த்திருக்க, என்னை ஏசிய சொல்லை நானே மூன்று தரம் சொன்னேன். கடைசியில் 'தூசணத்தால் ஏசினார்' என்று எழுதியதாக வாசித்துக் காட்டினார். அது வெறும் கெட்ட வார்த்தையில்லை, என் இனத்தைச் சொன்னது என்றேன். அப்படியென்றால் காதால் கேட்ட ஒருவரை நாளை ஒன்பது மணிக்குக் கூட்டி வா, இல்லாவிட்டால் இது இவ்வளவுதான் என்றார்.

கேட்டவர் ஒருவர்தான். ஹோட்டல் கட்டும் அந்த இடத்தில் நான் சாந்து குழைத்துக் கொடுத்த மேசன். முஸ்லிம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். சந்தித் தேநீர்க்கடையில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"வாறன் மனே," என்றார். "ஆனா அங்க கேட்டா நான் ஒண்டையும் மறைக்க மாட்டன். போன கிழமை சாந்து பிந்துது எண்டு சொன்னதுக்கு, நீ என்னைச் சோனி எண்டு ஏசினாய்தானே?"

அதை நான் ஏச்சாகவே நினைத்திருக்கவில்லை. முஸ்லிம்களைச் சொல்ல, சின்ன வயதிலிருந்து எங்கள் வாயில் கிடக்கும் சொல்.

"அது பகிடிக்குக் காக்கா."

"அவனும் பகிடிக்கு எண்டுதான் சொல்லுவான்."

அவர் கோபப்படவில்லை. எனக்கும் ஒரு தேநீர் சொன்னார். அதைக் குடிக்காமல் எழுந்து போகவும் முடியவில்லை.

இப்படி ஏசுகிறவனைக் கூட்டில் அடைக்க வேண்டுமா என்று கேட்டால், ஓம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அன்று அந்தக் கூட்டுக்குள் நானும் நின்றேன். அவரைக் கூட்டிப்போனால் என் வாயும் எழுத்தில் ஏறும். போகாவிட்டால் அந்தச் சொல் வெறும் தூசணமாகவே கிடக்கும். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தேநீரைத்தான் குடித்து முடித்தேன்.

பழைய இடத்துக்கு இனிப் போகமுடியாதே, என்ன செய்வாய் என்று அவர்தான் கேட்டார். ஓட்டமாவடியில் தன் மச்சானின் அரிசி ஆலையில் ஆள் தேவை, விருப்பமென்றால் காலையில் போ என்றார். சாட்சியைப் பற்றி அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு அந்த ஆலையில் நெல் மூடை இறக்கிக்கொண்டிருந்தேன்.