கயிற்றைக் குட்டையாகப் பிடித்தவள்

ஆஸ்திரேலியாவில் பாலரட் ஊருக்குப் பக்கத்துக் குதிரை ஆராய்ச்சிக் கொட்டடியில் நெரிடாவின் வேலை ஓடுவது. முன்னங்கால் தசைநாண் கிழிந்த பந்தயக் குதிரைகளுக்கு டாக்டர் ஃபெர்கஸ் புது ஊசி போட்டுப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு குதிரையையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு நெரிடா சிமெண்டுப் பாதையில் கூடவே ஓட வேண்டும். வலிக்கிற கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும். தூக்குகிறதா என்று டாக்டர் பார்த்து மதிப்பெண் சொல்வார், அவருடைய உதவியாளனான நான் எழுதுவேன். நொண்டல் இல்லை என்றால் ஜீரோ.

நெரிடாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பதினாறு வயதிலிருந்து குதிரை லத்தி அள்ளியவள், தினக்கூலிதான். குதிரை துள்ளுகிறது, கடிக்க வருகிறது என்று சொல்லிக் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து மெதுவாகத்தான் வருவாள். அவளுக்குத் தெரியாததா என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

எட்டாவது மாதம் எட்டுக் குதிரைகளுக்கும் ஜீரோ. ஸ்கேனில் மட்டும் கிழிசல் அப்படியே இருந்தது. "ஸ்கேன் லேட்டாத்தான் காட்டும், கால் பொய் சொல்லாது" என்றார் டாக்டர். டஸ்டர் என்ற செம்பழுப்புக் குதிரையை மறுநாள் முழுவேகத்தில் ஓட விடுவதென்று முடிவாயிற்று.

அன்று மத்தியானம் நான் இருந்த தீவன அறைக்கு நெரிடா வந்தாள்.

"டஸ்டர நாளைக்கு ஓட விடாதீங்கடா. கால் நாண் அந்துடும்."

"ஏன்? ஜீரோ வாங்கியிருக்கே!"

"அது எங்க வாங்குச்சு? நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

பூட்ஸைக் கழற்றினாள். குதிகாலுக்கு மேலே நாண் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது.

"என்னால ஓட முடியல. தாடையோட சேத்துப் புடிச்சு மெதுவா கூட்டிட்டு வந்தேன். பாவம், அது தலைய எப்படித் தூக்கும்?"

"எத்தன நாளா?"

"ஏப்ரல்லேருந்து."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "லூசா நீ? எட்டு மாச வேல! ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

"சொல்லியிருந்தா மறுநாள் என்ன உள்ள விட்டிருப்பீங்களா?"

அவளே போய் டாக்டரிடம் சொன்னாள்.

டாக்டர் கத்தவில்லை. கயிற்றை என் கையில் கொடுத்தார். "நீ ஓடு. கயித்த நல்லா தளத்தி விடு." வெயிலில் மூச்சு வாங்க ஓடினேன். ஒவ்வோர் அடிக்கும் டஸ்டர் தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. எட்டில் ஐந்து நொண்டின. எட்டு மாதத்துத் தாள்களையும் டாக்டர் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

பிறகு நெரிடாவிடம், "அந்தக் கேட் வரைக்கும் நடந்து காட்டுங்க" என்றார். நடந்தாள்.

"குதிரையா இருந்தா ஒரு வருஷம் ஓய்வு எழுதியிருப்பேன்."

"எழுதேன் ஃபெர்கஸ். அதுவரைக்கும் கூலி யாரு குடுப்பாங்க?"

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

டஸ்டருக்கு அன்றே ஓய்வு எழுதினார்கள். நிழலான கொட்டடி, தினமும் காலுக்கு ஐஸ். நெரிடாவை வெள்ளிக்கிழமையோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள். எட்டு மாதம் பத்தடி தூரத்தில் நின்று குதிரையையே பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நொண்டிக்கொண்டு வந்தவளைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.